தையலைக் காட்டிய நாள்

சின்னவளே, நீ புட்டிப்பாலில் வளர்ந்த கதை நம் வீட்டு விசேஷங்களில் எப்படியும் வந்துவிடும். "அவ ஆத்தாளுக்குப் பால் ஊறலை" என்பார்கள். உங்கள் அம்மா மறுத்துப் பேச மாட்டாள். நானும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெரியவளும் நீயும் வளர்ந்துவிட்டீர்கள். இனியாவது எழுதிவிட வேண்டும்.

நீ ஆபரேஷனில் பிறந்தாய். மூன்றாம் நாள் புதுவயல் மில்லில் மூட்டை இறக்கிவிட்டு, சட்டையெல்லாம் தவிட்டுத் தூசியோடு நேராகக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் கால்மாட்டில் கைக்குப் போடும் மருந்துப் புட்டி தொங்கியது. நர்சம்மா அதைக் காட்டினார்.

"அண்ணே, கையில தேச்சுட்டுக் கிட்டக்கப் போங்க."

"ஏன், மில்லுக்காரன்னா அழுக்கா?"

"நானுந்தான் நாளைக்கு நூறு தடவை போடுறேன். அப்ப நான் எம்புட்டு அழுக்குன்னு பாத்துக்கங்க."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம். போடவில்லை.

அந்த நேரம் நாட்டரசன்கோட்டையிலிருந்து என் அக்கா, அதாவது உங்கள் அத்தை, நாலு பேரோடு வந்து இறங்கினாள். "கல்யாண வீடுன்னு வந்தீகளா? ரெண்டு ரெண்டு பேரா வாங்க" என்று சொல்லிவிட்டு நர்சம்மா அடுத்த அறைக்குப் போனார். யாரும் நகரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தையலைப் பார்க்காமல் திரும்பும் வழக்கம் நம் சனத்துக்குக் கிடையாது. பார்த்தால்தானே ஊரில் போய்ச் சொல்லலாம்.

"எத்தனை தையல்டா தம்பி? காட்டு."

"வேணாங்க, தொடக் கூடாதுன்னாக" என்று உங்கள் அம்மா சேலையை இழுத்து மூடினாள். அக்கா கேட்டு இல்லையென்பதா என்று நான்தான் பிளாஸ்திரி ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். கட்டைவிரலால் அழுத்தித் திரும்ப ஒட்டினேன்.

இரண்டு நாளில் காய்ச்சல். பிறகு தையலில் சீழ். பிரித்து, தினமும் கழுவிக் கட்டினார்கள். உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்; அங்கே உனக்குப் புட்டிப்பால்தான். அம்மா இருபது நாள் படுத்திருந்தாள்.

"கட்டை யாராச்சும் பிரிச்சீகளா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டுப் போட்ட அந்த நர்சம்மாவுக்குத்தான் திட்டு விழுந்தது. அவர் தலை குனிந்து நின்றார். மறுநாள் அவர் சொல்லாமலே புட்டியை அமுக்கிக் கையில் தேய்த்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சீழ் என் விரலால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கேட்டபோது நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் அம்மாவுக்குப் பால் ஊறியது, சின்னவளே. உன்னை அனுப்பிய பிறகு நாலு நாள் அவள் சேலை நனைந்துகொண்டே இருந்தது. மாற்றுச் சேலை எடுத்துக் கொடுத்தவன் நான்.