திரிக்கும் காலுக்கும் நடுவே

தங்கவயலுக்கு மின்விளக்கு வராத காலம். ஷிப்டு முடிகிற நேரத்தில் எங்கள் தட்டி வீட்டின் தரை நடுங்கும். அடியில், தங்கச் சுரங்கத்தில், பாறைக்கு வைத்த வெடி வெடிக்கிறது என்று அர்த்தம். அக்கா கையில் எடுத்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் புருஷன், என் மாமா, அந்த வெடிகளுக்குத் திரி கொளுத்துகிறவர்.

கொளுத்திவிட்டு ஓடக் கூடாது. இருட்டில் விழுந்தால் முடிந்தது. நடந்தே சுரங்கப் பாதையின் வளைவைத் தாண்டி ஒதுங்க வேண்டும். திரியை மேலேயே வெட்டிக் கொடுப்பார்கள், எல்லார் காலுக்கும் ஒரே அளவு. "பாதித் திரி எரியறதுக்குள்ள நான் வளைவு தாண்டிருவேன்" என்பார் மாமா. அதெல்லாம் முழங்காலில் கல் விழுவதற்கு முன். விழுந்ததை அவர் துரையிடம் சொல்லவில்லை. சொன்னால் மேலே அனுப்பி, பெண்களோடு கல் பொறுக்க வைப்பார்கள். கால் நாளுக்கு நாள் வீங்கியது. இன்று என் முழங்கால் வலிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீக்கம்தான் தெரிகிறது.

அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் சமன்பாடு முடிந்து, சமன் இல்லாதவை வந்திருந்தன. வாய் பிளந்த குறி. பிளந்த பக்கம் பெரியது. கட்டம் கீறிய ஸ்லேட்டில் கோடு இழுக்கச் சொன்னார்கள். நான் மாமாவை இழுத்தேன்.

எங்கள் வீட்டு வரிசையான லைனின் முனையிலிருந்து எங்கள் வாசல் வரை உள்ள தூரம்தான் கீழே வளைவு வரைக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். நல்ல காலில் அவர் நடை என் நடைதான். நானே நடந்து எண்ணி, அதை இரட்டித்துத் திரிக்கு ஒரு படுத்த கோடு போட்டேன். பிறகு மாலைதோறும் அவர் வருவதை எண்ணினேன். அந்த எண்களுக்குப் புள்ளி வைத்து இழுத்த அவர் கோடு ஏறிக்கொண்டே போனது. நடை சிறிது, திரி பெரிது: அது உண்மையாக இருக்கும் வரை மாமா இருப்பார். கோட்டை நீட்டினேன். வருகிற ஞாயிறைத் தாண்டியதும் இரண்டும் தொட்டுக்கொண்டன.

மாமா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மச்சான், உன் கணக்குல நான் செத்துட்டனா?"

"இன்னும் இல்ல மாமா. நீளத் திரி கேளுங்க."

"கேட்டா, காலக் காட்டுடாம்பான்."

அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஏறுகிற கோட்டின்மேல் விரலை வைத்து நகர்த்தினாள். "இது ரெண்டும் இடிச்சிக்கினு கீதே, இங்க இன்னாடா?"

நான் மாமாவின் காலைப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மேஸ்திரி வீட்டுக்குப் போனாள்.

மறுநாளே மாமாவுக்கு மேலே வேலை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தவர் திடீரென்று ஸ்லேட்டை என் பக்கம் தள்ளினார்.

"என் எடத்துக்கு மேஸ்திரி யார எறக்கிக்கீறான் தெரியுமா? போன வாரம் ஊர்லேர்ந்து வந்த பையன். கால் நல்லா கீது. வழிதான் தெரியாது. போடு, அவனுக்கு ஒரு கோடு."

அவன் நடந்து நான் பார்த்ததே இல்லை. முதல் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பலப்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசலுக்குப் போய், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற ஷாப்ட்டுப் பக்கம் பார்த்து நின்றாள்.