எருசலேமில் ஒரு கூடுதல் நடை

எருசலேமில் சிலுவைப் பாதை திருக்கல்லறைக் கோயில் வாசலில் முடிகிறது. தாராவியிலிருந்து வந்த எங்கள் பங்கு மக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் கடுப்பு. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மூட்டை சுமந்து சுமந்தே சொந்தப் பட்டறை வைத்தவன்; என் தோளுக்கு மும்பையில் ஜோடி கிடையாது. ஃபாதரோ சிலுவை தூக்க என்னை நாலு நெட்டையர்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டார். வழி நெடுகச் சிலுவை என்மேல் படவே இல்லை.

அப்போது என்னைப் போலவே தலை நரைத்த உள்ளூர்க்காரர் ஒருவர் வருகிறார். எங்கள் சிலுவையையும், முந்தின கூட்டம் விட்டுப்போன சிலுவையையும் புறப்பட்ட இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோவதுதான் அவர் வேலையாம். நான் எங்கள் சிலுவையைக் காட்டி என் தோளைத் தட்டுகிறேன்.

"யூ? ஹெவி, பாபா!" என்று சிரிக்கிறார்.

"ஹெவியா? தாராவியில வந்து கேட்டுப் பாரும்வே!"

தூக்கியே விட்டேன். கனம் தோளில் இறங்கியதும் எனக்குச் சிரிப்பு பொங்குகிறது. அவர் மற்றதோடு முன்னே ஓட, நான் பின்னே ஓடுகிறேன். தாராவிச் சந்துகளில் மூட்டையோடு ஒதுங்கச் சொல்வதுபோல, "பாஜூ! பாஜூ!" என்று கத்துகிறேன். எருசலேமே ஒதுங்கி வழி விடுகிறது. எதிரே ஏறி வரும் கூட்டம் என்னைப் பார்த்துப் பக்தியோடு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறது.

பின்னால் என் மனைவி மூச்சிரைக்க ஓடி வருகிறாள்.

"ஏ, சகாயத்து அப்பா! நில்லுங்க! ஆண்டவரே இத ஒரு தடவதான சொமந்தாரு!"