நொத்தாரிசு அண்ணை தனக்கு எழுதாத உறுதி

செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. நம்பாமல் போனதற்குக் காரணமும் நான்தான்.

பங்குனி மாதம். மொன்றியலில் நடைபாதை முழுவதும் பனி இறுகிக் கண்ணாடி மாதிரிக் கிடந்த ஒரு காலை. தொலைபேசியை எடுத்த என் மனைவி அதை வைத்துவிட்டு, "நொத்தாரிசு அண்ணை மோசம் போயிட்டாராம்" என்றாள்.

"சும்மா சொல்லுவார். நம்பாதை" என்றேன்.

"உங்களுக்கென்ன விசரோ? செத்த மனிசன் சொல்லுறதோ? நெஞ்சுவலி. விடியக்காலமை ஆசுப்பத்திரியிலை முடிஞ்சுதாம்."

நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு கதை உண்டு. முந்தின வருடம் நான் குரலை மாற்றி அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "போன்ஜூர் மெசியே, அரசாங்கத்து நொத்தாரிசு உங்களைப் பார்க்க வாறார்" என்று, எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லோடு அரைகுறை ஆங்கிலத்தையும் கலந்து விட்டேன். மனிதர் கழுத்துப்பட்டி கட்டி, ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் தன் வீட்டு வாசலில் பனிக்குள் அரை மணித்தியாலம் நின்றார். நான் பஸ்ஸால் இறங்கிப் போய்க் கையை நீட்டி "மெர்சி" என்றபோதுதான் அவருக்கு விளங்கியது. "இரும், உமக்கு ஒருநாள் திருப்பித் தருவன்" என்றார். அந்தத் திருப்பித் தருதல்தான் இது என்று நினைத்தேன். சவச்சாலையில் அவரைப் பார்க்கும்வரைக்கும், உண்மையாகச் சொல்கிறேன், ஒரு ஓரத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர்களுக்கு என்ன துணிவோ தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். படித்தவர்கள் மற்றப் பக்கங்களில் அவருடைய பெருமையை எழுதியிருப்பார்கள். நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் பெயர் சபாநாதன். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் காணி உறுதி, நன்கொடை உறுதி என்று சட்டப் பத்திரங்கள் எழுதிய நொத்தாரிசு. மொன்றியலில் சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டிக்குள் போத்தல் அடுக்கினார். வேலைக்குப் போகும்போதும் சட்டைப் பையில் இரண்டு பேனை இருக்கும். "போத்தலுக்கு உறுதி எழுதவோ அண்ணை?" என்று கேட்பேன். "ஓம், பெட்டிக்குச் சீதனமாய்க் குடுக்கிறன்" என்பார். கேலிக்குக் கேலி தரக்கூடிய மனிதர்.

இங்கே அவருக்கு எழுத உரிமை இல்லை. அதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. "இஞ்சை நான் நொத்தாரிசு இல்லைத் தம்பி. நொத்தாரிசின்டை படலை வாசல்வரைக்கும் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போற ஆள்" என்பார். அந்த வேலையை அவர் தொடங்கியதற்கு ஒரு மரணம் காரணம். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மாடிக்கு மேலே இருந்த ஒரு பெடியன் வேலைக்குப் போகும் வழியில் கார் மோதிச் செத்தான். ஒன்றும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் தனக்குத்தான் என்று நினைத்திருந்த அவன் மனைவிக்கு, மூன்றில் ஒரு பங்குதான் என்று சொன்னார்கள். மிச்சம் பாலர் பாடசாலை வயதில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கு. அந்தப் பங்கைப் பார்த்துக்கொள்ள உறவினர், நண்பர் என்று ஐந்து பேர் கூடிப் பேசவேண்டுமாம். கூடினோம். ஐந்து பேரில் மூன்று பேர் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. அந்தப் பெண் ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு, தன் பிள்ளைகளின் காரியத்துக்குத் தானே உத்தரவு கேட்கிற மாதிரி நின்றாள். வெளியே வந்ததும் நொத்தாரிசு அண்ணை படியில் குந்திவிட்டார். "எழுதி வைக்கவேணும் எண்டு எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் வாயைத் திறக்கேல்லை" என்றார்.

அடுத்த சனிக்கிழமையே வாயைத் திறந்தார். திறந்த இடம் எங்கள் தெரு மூலையில் இருந்த உடுப்புத் தோய்க்கும் கடை. சனிக்கிழமை பின்னேரம் தமிழ்க் குடும்பங்கள் அத்தனையும் பைகளோடு அங்கே வரும். இயந்திரத்தில் போட்டால் ஒரு மணித்தியாலம் யாரும் ஓட முடியாது. உடுப்பு மடிக்கிற மேசையின் ஒரு மூலையில் அண்ணை இருப்பார். புருசனுக்கு ஒரு தாள், பெண்சாதிக்கு ஒரு தாள். ஒருவரை வாசல் பக்கமும் மற்றவரை உடுப்புக் காயும் பக்கமும் அனுப்பிவிடுவார். பார்த்து எழுதக்கூடாது. அவரவருக்கு என்னென்ன இருக்கிறது, அது எப்படி வந்தது என்று எழுதவேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். தொலைக்காட்சிப் பெட்டி இரண்டு தாளிலும் இருக்கும். கடன் ஒரு தாளிலும் இராது.

எங்களையும் விடவில்லை. நான் என் தாளில் "ஒரு மனிசி, நல்ல நிலையில்" என்று எழுதிக் கொடுத்தேன். என் மனைவி எழுதியதை அண்ணை உரத்து வாசித்தார்: "சீதனமாய் வந்த கல்வீடு. இவர் அதிலை இருபது வருசம் வாடகை குடாமல் இருந்தவர்." உடுப்புக் கடை முழுவதும் சிரித்தது. அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உம்மடை தாளைக் கிழிச்சு எறியும். மனிசிக்குத்தான் சட்டம் தெரியுது" என்றார்.

அவர் எல்லாருக்கும் ஒன்றையே சொல்வார். "சீதனம் அவளின்டை. தாய் தேப்பன் வழியாய் வந்த முதுசம் அவன்டை. கலியாணத்துக்குப் பிறகு தேடின தேட்டம் ரெண்டு பேரின்டையும். இது எங்கடை வழமை. ஆனால் அது எங்கடை மனசுக்குள்ளைதான் இருக்கு, இஞ்சத்தை நொத்தாரிசின்டை அலுமாரிக்குள்ளை இல்லை. அதாலை எழுதுங்கோ." பிறகு அந்தத் தாள்களோடு அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஒரு பிரெஞ்சுக்கார நொத்தாரிசு அம்மாவிடம் கொண்டுபோவார். ஒருவர் முந்திச் செத்தால் மற்றவருக்கு எல்லாம் என்று புருசனும் பெண்சாதியும் ஆளுக்கொரு மரண சாதனம் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். முதல் தடவை போனபோது அண்ணை அந்த அம்மாவுக்குத் எங்கள் தேசவழமைச் சட்டத்தை ஆங்கிலத்தில் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினாராம். கலியாணத்துக்குப் பின் உழைத்தது இருவருக்கும் பொது என்று தங்கள் சட்டத்திலும் ஒரு முறை இருக்கிறது என்று அவ சொல்லிக் கோப்பி கொடுத்தாவாம். "இவையும் எங்கடை ஆக்கள்தான் தம்பி, நிறம்தான் வேறை" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எமனிடம் எழுத்துவேலை பார்க்கிறவர் என்று நான் அவருக்கு "எமனின்டை கிளாக்கர்" என்று பெயர் வைத்தேன். சாவைப் பற்றி எழுதினால் ஆயுள் குறையும் என்று பயந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தபின் பயம் குறைந்து எழுதினார்கள். ஆகவே அவருக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. இது வரைக்கும் என் கேலியால் யாருக்கும் கெடுதி வரவில்லை.

போன வருடம் ஒரு பிறந்தநாள் விழா. நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் கடதாசித் தட்டோடு எழும்பிக் கேட்டேன்: "அண்ணை, ஊருக்கெல்லாம் எழுதுவிக்கிறியள். உங்கடை சாதனம் எங்கை? பாக்கியம் அக்காவை நடுத்தெருவிலை விடுற பிளானோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய மனைவி பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. "சாப்பிடுற நேரம் சாப்பிட விடும்" என்றா. அண்ணை வடையைக் கடித்தபடி, "எழுதுவம், எழுதுவம்" என்றார். வடை வாய்க்குள் அப்படியே இருந்தது. நான் கண்டேன். கண்டும் இன்னொரு பகிடி விட்டேன்.

அதன் பிறகு, தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் என்னைத் தேடி வந்தார். அக்காடி மெட்ரோ வாசலில், காற்றுக்கு ஒதுங்கி நின்று கதைத்தோம்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு அந்த அம்மாவிட்டை நேரம் எடுத்திருக்கிறன். என்டை அலுவல்தான். தனியப் போக மனம் வரேல்லை. நீர் வாரும்."

"இவ்வளவு பேரைக் கூட்டிக்கொண்டு போன ஆளுக்கு வழி தெரியாதோ?"

அவர் சிரிக்கவில்லை. "மூண்டு தரம் எழுதிப் பாத்திட்டன். வீடு என்டை பேரிலை மட்டும்தான் கிடக்கு. வீடு வாங்கிக் கையெழுத்துப் போட்ட அண்டைக்கு அவளுக்குத் தையல் தொழிற்சாலையிலை லீவு குடுக்கேல்லை. எல்லாம் மனிசிக்கு எண்டு எழுதினால் அவளுக்குத் தொல்லையில்லை. ஆனால் அப்பிடி எழுதினால் சின்னவன்டை பேர் அதிலை வராது. அவன்டை பேரை விட்டு ஒரு கடதாசி எழுதினால், நானே அவனைச் சாகடிச்சுப்போட்டன் எண்டெல்லோ அர்த்தம்?"

அவருடைய இளைய மகனை ஊரில் ஒரு ஆமிச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு தகவல் இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கும் அவர் எழுதாமல் இருந்ததற்கும் தொடர்பு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. நூறு பேருக்கு முன்னால் நான் கை வைத்தது அந்தப் புண்ணில்தான் என்று மெட்ரோ வாசலில்தான் எனக்கு விளங்கியது.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வசனம். "வாறன் அண்ணை." அவ்வளவுதான். எனக்குத் துக்கமான கதை என்றால் பயம். வாய் தன் பாட்டில் பகிடிக்கு ஓடிவிடும். "அவசரப்படாதையுங்கோ அண்ணை. எமன் தன்டை கிளாக்கரைக் கடைசியாத்தான் கூப்பிடுவான். நீங்கள் போனால் அவனுக்கு ஆர் எழுதுறது?" என்றேன்.

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டைப் பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, பேந்து பாப்பம்" என்று படியால் இறங்கிப் போனார். செவ்வாய்க்கிழமை நேரத்தை மாற்றச் சொல்லித் தொலைபேசி எடுத்தாராம். மாற்றிய நேரம் சித்திரையில். அவர் பங்குனியில் போய்விட்டார்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு கழிந்து நான் புரோசார்ட்டுக்குப் போனேன். ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மகன் வந்திருந்தான். வீட்டை விற்றுத் தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக நினைக்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் சாதனம் இல்லாததால் வீட்டுப் பெறுமதியில் பாதியும், மிச்சத்தில் மூன்றில் ஒன்றும்தான் பாக்கியம் அக்காவுக்கு. மீதி இரண்டு மகன்மாருக்கும். இளையவன் வந்து கையெழுத்துப் போடவேண்டும், அல்லது அவன் இறந்துவிட்டான் என்று ஒரு கடதாசி வேண்டும் என்று பிரெஞ்சுக்கார அம்மா சொல்லியிருக்கிறா. சொல்லும்போது அவவும் அழுதாவாம்.

"அம்மா, ஒரு கடதாசிதானே" என்றான் மகன். "வழக்குப் போட்டு எடுக்கலாம். நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் காணும்."

பாக்கியம் அக்கா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தா. "அந்த மனிசன் மூண்டு தரம் இருந்து எழுதேலாமல் விட்டதை, நான் ஒரு கையெழுத்திலை எழுதவோ?" என்றா. "வீடு கிடக்கட்டும். நான் இதிலை இருக்கிறன்."

"தனிய எப்பிடியம்மா இருப்பியள்? பனி ஆர் வழிக்கிறது?"

"இருப்பன்."

மகன் எழும்பி வெளியே போனான். ஒருமுறையாவது பகிடி விடாமல் கதைப்போம் என்று, "அக்கா, அந்தச் செவ்வாய்க்கிழமை அவரைப் போகவிடாமல் செய்தது நான்தான்" என்றேன். எமனின் கிளாக்கர் கதையையும் சொன்னேன். திட்டுவா என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இன்றைக்கு இதைச் சுலபமாக எழுதியிருப்பேன்.

"தெரியும்" என்றா அக்கா. "வந்து சொன்னவர். சப்பாத்துக் கழட்ட முன்னமே சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். சின்னவனைக் கொண்டுபோன பிறகு இந்த மனிசன் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை. அண்டைக்கு இரவு வடிவாய் நித்திரை கொண்டவர்."

அவரை அறிந்தவர்களே, உங்களிடம் அவர் முன்னுக்கு நின்று எழுதுவித்த சாதனங்கள் இருக்கும். பத்திரமாக வைத்திருங்கள். என்னிடம் இருப்பது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். நான் அதை அவருக்குக் கொடுத்தேன். அதற்கு விலையாகப் போனது பாக்கியம் அக்காவின் ரொறன்ரோப் பயணம். இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சந்தோசப்படுவதா, வெட்கப்படுவதா என்று கேட்க ஆள் இல்லை.

பனி விழுந்தால் காலையில் முதல் பஸ்ஸில் புரோசார்ட்டுக்குப் போகிறேன். வாசலில் கிடக்கும் பனியை வழித்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பி வருகிறேன்.