அண்ணியின் சுற்று

ஒரே இடத்தில் உட்கார முடியாதவள் நான். ராவாங்கில் வீடு, செரண்டாவில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை. போல்ட், அட்டைப்பெட்டி, கையுறை என்று எதையாவது வாங்கிக்கொண்டே இருப்பேன். போனில் பேசும்போதுகூட மேசையைச் சுற்றி நடப்பேன். விடுமுறை நாட்களில் வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் எழுதுவேன். நண்பர்கள் சிலர் நடத்தும் சின்ன இணையத்தளம் அது. துப்பாக்கி, கார், ஓட்டம் என்று நிற்காமல் நகரும் விளையாட்டுகள்தான் எனக்குப் பிடிக்கும்.

அப்படிப்பட்ட என்னிடம், தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒரு விண்வெளி விளையாட்டைக் கொடுத்தார். அதில் எல்லாம் முறை வைத்துத்தான் நடக்கும். நம் கிரகங்களுக்கும் கப்பல்களுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டு, திரையின் மூலையில் இருக்கும் 'சுற்றை முடி' பொத்தானை அமுக்க வேண்டும். பிறகு எதிராளி தன் சுற்றை முடிக்கும்வரை ஒரு தூசுகூட அசையாது. எதிராளி வேறு ஊரில் இருக்கலாம், தனக்கு நேரம் கிடைக்கும்போது ஆடலாம். ஆடி முடித்ததும் நம் போன் மணியடிக்கும்.

"இதுல ரெண்டு பேர் ஆடுறதுதான் விசேஷமாம். தனியா ஆடிட்டு எழுதிடாத லா. ஒரு ஆளைப் பிடி" என்றார் நண்பர்.

நான் பிடித்த ஆள் என் அண்ணன். அவன் சரவாக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்பவன். சில வாரங்கள் அங்கே, சில வாரங்கள் கோலசிலாங்கூர் வீட்டில். அப்போது வீட்டில்தான் இருந்தான். லேப்டாப்பில் விளையாட்டை ஏற்றிவிட்டு, பேருக்கு ஒரு சுற்று ஆடினான். அதற்குள் வேலைக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணிகிட்ட சொல்லிட்டேன். அவ ஆடுவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கும் எனக்கும் அதுவரை இருந்த பேச்செல்லாம், "பசியாறியாச்சா?" "ஆச்சு அண்ணி" என்பதற்கு மேல் போனதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாசிர் பெனம்பாங்கில், ஒரு மீன் மொத்த வியாபாரக் கடையில் அவர் கணக்கு பார்க்கிறார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. என் அம்மாவும் அவரோடுதான் இருந்தார். அப்பா போன பிறகு கலும்பாங் பக்கம் இருந்த தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, அம்மா அங்கே போய்விட்டார்.

முதல் சில சுற்றுகள் தமாஷாக இருந்தன. அண்ணி குரல் செய்தி அனுப்புவார். பின்னணியில் ஐஸை அள்ளிக் கொட்டும் சத்தமும் யாரோ ஹொக்கியன் சீனத்தில் கத்துவதும் கேட்கும்.

"இந்தப் பச்சை உருண்டை என்னது? இதுல ஆளுங்கள இறக்கலாமா?"

"இறக்கலாம் அண்ணி. ஆனா சாப்பாட்டுக்கு வழி பண்ணாம இறக்கினா கலகம் பண்ணுவாங்க."

"அது எல்லா வீட்டுலயும் நடக்கறதுதானே."

அந்த விளையாட்டில் கப்பல்களுக்கு எண்ணெய் ஒரு பெரிய பாடு. நம் எல்லையை விட்டு ரொம்ப தூரம் போனால் திரும்பிவர எண்ணெய் இருக்காது, அங்கேயே நின்றுவிடும். நான் அவசரப்பட்டு அனுப்பிய வேவுக் கப்பல்கள் மூன்று அப்படி இருட்டில் நின்றுகொண்டிருந்தன. அண்ணி ஒன்றையும் இழக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சுற்று ஆடுவார். நான் கொமுட்டர் ரயில் ஏறும் நேரத்தில் என் போன் அடிக்கும். ஒருநாள் திறந்து பார்த்தால், இரண்டு நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரே ஒரு கணவாயில் அவருடைய கோட்டை நின்றது.

"அண்ணி, அது என் வழி."

"ஓ, உன் வழியா? பேரு எழுதியிருந்துச்சா?"

ரயிலில் நின்றபடியே சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு வருஷமாக இந்த அண்ணி எங்கே இருந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காலை போன் அடிக்கவில்லை.

மறுநாளும் இல்லை. வேலையில் மும்முரமாக இருப்பார் என்று முதலில் விட்டேன். பிறகு செய்தி அனுப்பினேன். 'பார்த்தார்' என்று காட்டியது, பதில் வரவில்லை. இன்னொன்று அனுப்பினேன். இன்னும் சில. தளத்துக்கு விமர்சனம் எழுதிக் கொடுக்க வேண்டிய நாளும் தாண்டிவிட்டது. "ஆளை மாத்து. என் தங்கச்சி ஆடட்டுமா?" என்றார் நண்பர். மாற்ற எனக்கு மனசில்லை. ஏன் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. கூட்டத்தில் மேசைக்கு அடியில் போனைத் திறந்து திறந்து மூடினேன். சாப்பாட்டு நேரத்தில் வெயிலைப் பொருட்படுத்தாமல் கார் நிறுத்தும் இடத்தை வளைய வந்தேன். தப்பான அளவில் அட்டைப்பெட்டி ஆர்டர் போட்டு, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா கூப்பிட்டார்.

"என்ன எழவு கேமைக் குடுத்த அவளுக்கு?"

"ஏம்மா? ரொம்ப ஆடுறாங்களா?"

"ஆடினாத்தான் தேவலையே. தொறந்து வெச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. கைய அசைக்க மாட்டேங்குறா. அடுப்புல சோறு கருகுது, மூக்குல ஏறல அவளுக்கு. ஏதாச்சும் மந்திரம் கிந்திரம் இருக்கா அதுல?"

"நாளைக்கு வரேம்மா."

சனிக்கிழமை காலையிலேயே காரை எடுத்தேன். ஈஜோக் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. முந்தவும் வழியில்லை. ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, அண்ணிக்கு என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வேலை போயிருக்குமா? உடம்புக்கு ஏதாவதா? அண்ணனோடு சண்டையா? கோலசிலாங்கூர் வந்து சேர்வதற்குள் எல்லாமே நடந்துவிட்டதுபோல் ஆகிவிட்டது எனக்கு.

வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். அண்ணிக்கு அரைநாள் வேலை. நான் உட்காராமலே பாலத்தைத் தாண்டிப் பாசிர் பெனம்பாங்குக்குப் போனேன். கடை முன்னால் படகுகள் நின்றன. நீலக் கூடைகளில் நண்டும் கெம்போங் மீனும் இறங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கணினி முன் உட்கார்ந்திருந்த அண்ணி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அத்தைக்கு ஏதாச்சுமா?"

"அம்மா நல்லா இருக்காங்க. நீங்கதான் ஏன் இப்படி இருக்கீங்கன்னு கேக்க வந்தேன்."

வேலை முடிந்ததும், படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். பால் சேர்க்காத தே ஓ வந்தது. அண்ணி கிளாஸைத் தொடவே இல்லை.

"உங்க அண்ணனுக்கு சரவாக்குலயே, மீரியில கரை வேலை கெடச்சிருக்கு. இனிமே கடலுக்குப் போக வேணாம். வீடு பாத்துட்டாராம். என்னை அங்கேயே வந்துடச் சொல்றாரு."

"எப்ப சொன்னான்?"

"இந்தத் தடவ கெளம்பும்போதே."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவன்! நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன். முடிவு பண்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் நான்தான் சொன்னேன்."

"உங்களுக்குப் போகணுமா அண்ணி?"

அவர் ஆற்றைப் பார்த்தார். படகு ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

"போகணும்" என்றார். "ரொம்பப் போகணும். கல்யாணம் ஆனதுல இருந்து அவரு பாதி நாள் இருக்கறதில்ல. மிச்ச நாள்ல பாதி தூங்கியே போயிடுது. ஒரே வீட்டுல சேந்து இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"அப்பறம் என்ன?"

"அத்தைய என்ன பண்றது? உன்கிட்ட கொண்டாந்து விட்டா, தள்ளி விட்டுட்டுப் போயிட்டான்னு நீயே நெனைப்ப."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீ எங்க நின்னு கேக்குற? ஒரு சுத்து லேட்டானாலே வரிசையா மெசேஜ் அனுப்புற."

எனக்குச் சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது. அண்ணியும் லேசாகச் சிரித்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பொத்தானை அமுத்திட்டா திரும்ப எடுக்க முடியாதுன்னு சொன்னியே. அது எல்லாருக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும்தான் அண்ணி. அதை ஒரு குறையா எழுதி வெச்சிருக்கேன்."

"ஆமா, எழுது. குறைதான் அது. ஆளுங்கள ஏத்தின கப்பல் ஒண்ணு எனக்கு நிக்குது. எங்க எறக்கறதுன்னு பாக்க ஒக்காருவேன். மனசு மீரிக்குப் போயிடும்."

நான் எழுந்து துறையின் ஓரத்துக்குப் போனேன். அங்கிருந்து ஐஸ் கிடங்குவரை நடந்தேன், திரும்பி வந்தேன். ராவாங்கில் நான் இருக்கும் அடுக்குமாடி வீடு கண்முன் வந்தது. இரண்டே அறைகள். யாருக்கும் பதில் சொல்லாமல் வருவேன், போவேன், நினைத்த நேரத்தில் சாப்பிடுவேன். அங்கே அம்மா. அம்மாவின் பித்தளைக் குடம், அம்மாவின் டிவி தொடர்கள், 'எங்க போற' என்ற அம்மாவின் கேள்வி. திரும்பி வந்தபோது அண்ணி ஆறிப்போன தே ஓவைக் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டை ஒழுங்கு பண்ண எவ்வளவு நாள் ஆகும் என்று நான் அதற்குள் மனசில் கணக்குப் போடத் தொடங்கியிருந்தேன்.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணி சொல்லத் தயங்கியதால் நானே சொன்னேன். அம்மா கையில் இருந்த இறாலை முழுசாக உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டார்.

"அப்ப, என்னைத் தூக்கி எங்க போடறதுன்னு ரெண்டு பேரும் மீன் கடையில ஒக்காந்து பேசி முடிச்சிட்டீங்க."

"அப்படி இல்லம்மா…"

"வேற எப்படி?"

கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "நான் போகலன்னு அவருகிட்ட சொல்லிடறேன்" என்றார் அண்ணி. "கொஞ்சம் இருங்க அண்ணி" என்றேன் நான், யாரையும் இருக்கச் சொல்லியே பழக்கமில்லாத நான். மிச்ச இறாலை நாங்கள் இருவரும் உரித்தோம். அண்ணி சமைத்தார். யாரும் சாப்பிடவில்லை. நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஒருமுறை அம்மாவின் கதவருகே நின்று, தட்டாமலே திரும்பினேன். உள்ளே பீரோ திறக்கும் சத்தமும் பிளாஸ்டிக் பையின் சரசரப்பும் கேட்டன.

தேத்தண்ணி நேரத்துக்கு அம்மா வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. அண்ணியைப் பார்த்துத்தான் பேசினார்.

"மீரியில கோயில் இருக்கா?"

"இருக்கு அத்தை. நீங்களும் வர்றீங்களா? அவரு சந்தோஷப்படுவாரு."

"பிளேன்ல நான் ஏற மாட்டேன். நீ போ. அவன் மீ கோரேங் தின்னே தேஞ்சு போயிட்டான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுல லிப்ட் ஒழுங்கா ஓடுதா?"

"பெரும்பாலும் ஓடும்மா."

"பெரும்பாலும்னா?"

அண்ணி அழுதுவிட்டார். அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்கிட்ட மொதல்லயே கேட்டிருக்கலாம்ல? என்ன, கடிச்சா தின்னுடுவேன்?" என்று திட்டிக்கொண்டே முதுகைத் தடவினார். அண்ணனைக் கூப்பிட்டோம். அம்மா போனைப் பிடுங்கி அவனையும் திட்டினார். அவன் திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் "சரிம்மா" என்றது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

நான் ராவாங் திரும்பிக்கொண்டிருந்தபோது ஈஜோக் தாண்டி போன் அடித்தது. அண்ணி சுற்றை முடித்திருந்தார்.

ஆட்டம் அதற்குப் பிறகு இரண்டு வாரம் போனது. சமாதான ஒப்பந்தம் போடலாம் என்று அவர்தான் கேட்டார், போட்டேன். அந்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டே என் எல்லைக்குள் எண்ணெய்க் கிடங்குகள் கட்டினார். ஒரு காலை ஒப்பந்தத்தை முறித்தார். ரயில் செரண்டாவில் நிற்கும்போது பார்க்கிறேன், என் தலைமைக் கிரகம் போய்விட்டது. "மன்னிச்சிரு. பசியாறிட்டியா?" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

விமர்சனத்தை எழுதினேன். எழுத்து பொடியாக இருக்கிறது, கண் வலிக்கும். வேற்றுக்கிரகத் தூதர்கள் எப்போது கேட்டாலும் ஒரே மூன்று பதில்களைச் சொல்கிறார்கள். கணினியோடு ஆடினால் கொட்டாவி வரும். மனிதரோடு ஆடுங்கள், தெரிந்த மனிதராக இருந்தால் இன்னும் நல்லது. பொறுமை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம் என்று எழுதிவிட்டு, அதை அடித்தேன். பொறுமை இல்லாதவளான நான்தானே முழுசாக ஆடியிருக்கிறேன். அண்ணியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நண்பர் அதை எடுத்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது விமர்சனம் இல்ல" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் கொஞ்ச நாள் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை.

அண்ணி மீரிக்குப் போய்விட்டார். இப்போது தினமும் அண்ணனின் குறட்டையைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று முதல் வாரம் குரல் செய்தி அனுப்பினார். குரலில் புகார் இல்லை.

அம்மா என்னோடு இருக்கிறார். இது நான் பயந்த மாதிரியும் இல்லை, நல்ல மாதிரியும் இல்லை. சோபாவை இடம் மாற்றிவிட்டார். பிறகு பழைய இடத்துக்கே மாற்றினார். லிப்ட் நின்றால் கீழ்வீட்டுக்காரர்களுக்கெல்லாம் போன் போடுகிறார். என்னைப் போலவே அவராலும் ஒரு இடத்தில் உட்கார முடியாது என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் இருந்தபோது வேலை ஓயாது, அதனால் தெரிந்திருக்காது. கோலசிலாங்கூரில் அண்ணியைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று அடக்கி வைத்திருந்தாராம்.

போன சனிக்கிழமை காலை நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அம்மா அடுப்படிக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தார். நடுவில் இரண்டு முறை மோதிக்கொண்டோம்.

கார்ச் சாவியைக் காட்டி, "காடிய எடு" என்றார்.

"எங்கம்மா?"

"எங்கயாச்சும்."

அம்பாங் பெச்சா வரை போய், ஒரு கடையில் ரொட்டி சானாய் தின்றோம். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. அம்மா குழம்பில் உப்பு போதவில்லை என்றார், ஆனால் இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்தவர், உட்காராமல் கார்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.