ஸ்ரீ நம்பர் பைக்குக்குப் பெயர் மாற்றப் போன கதை

பெற்றோல் மணமும் உப்புக்காற்றும் கலந்து மூக்கில் அடிக்கும்... கிண்ணியாப் பாதையில் காலையில் ஏறி நின்ற எல்லோருக்கும் அந்த மணம் தெரியும்.

அப்போது பாலம் இல்லை. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போகும் இரும்புப் பாதைதான். எனக்கு ஊர் ஆலங்கேணி. திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோரில் முதல் வேலை. அதே கந்தோரில் இருந்த கலீல் நானாதான் தன் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். நம்பர் தகட்டின் நடுவில் ஸ்ரீ எழுத்து இருக்கும் அந்தக் காலத்து நம்பர் போட்ட பழைய இங்கிலாந்து பைக்.

"நானா, கொஞ்சம் மெல்லப் போங்கோ" என்பேன்.

"பயமெண்டா இறங்கி நடங்க தம்பி, கந்தோர்ல சந்திப்பம்" என்பார்.

பிறகு அவர் வெளிநாடு போனார். பைக்கை எனக்கே விற்றார். பெயர் மாற்றுவது பற்றிக் கேட்டேன். "அது எப்பெண்டாலும் மாத்தலாம், நீங்க ஓடுங்க" என்றார். நானும் ஓடினேன்! அந்த நாளில் எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். வாகனம் ஒருவரிடம், பெயர் இன்னொருவரிடம்...

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தோம். நான் ஒருநாளும் விரித்துப் பார்க்காத பதிவுப் புத்தகம் தொலைந்து போனது. பைக் மட்டும் ஒரு கொட்டிலுக்குள் துருப்பிடித்துக் கிடந்தது.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடம் அதோடு கிடந்து மாரடித்தேன். கார்புரேட்டருக்குக் கொழும்பு, சீற்றுக்குக் கந்தளாய் என்று அலைந்தேன். "பைக்கையே கட்டியிருக்கலாம் நீங்கள்" என்று மனைவி சொல்லாத நாள் இல்லை. ஒருநாள் இன்ஜின் உயிர் பெற்றது. நான் அழுதேன். சொல்ல என்ன வெட்கம்...

இனி ரோட்டில் ஏற்ற வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சோதனை, வருட லைசன்ஸ். எல்லாவற்றுக்கும் முதல் பைக் என் பெயருக்கு வர வேண்டும். கலீல் நானா மௌத்தாகி, அடக்கம் பண்ணிச் சில வருடம். அவருடைய பிள்ளைகளிடம் கேட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்து, பழைய பதிவின் பிரதியை எடுக்க வாகனப் பதிவுக் கந்தோருக்குப் போனேன்.

அங்கிருந்த பிள்ளை பிரதியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஐயா, இதில கலீல் எண்டு ஒருத்தரும் இல்லையே. ஹாஜரா எண்டு ஒரு பொம்பிளையின்ட பேர்தான் இருக்கு."

"பிள்ளை, வடிவாப் பாருங்கோ."

"நாலு தரம் பாத்திட்டன் ஐயா. அவங்கட கையெழுத்து இல்லாம ஒண்டும் செய்ய ஏலாது."

எனக்கு மண்டை விறைத்துவிட்டது. ஹாஜரா ராத்தா கலீல் நானாவின் மனைவி! அவர் கையெழுத்துப் போடாவிட்டால் என் இரண்டு வருட உழைப்பு முற்றத்தில் கோழி ஏறி நிற்கத்தான்.

ராத்தா இப்போது தோப்பூரில் மகளோடு இருக்கிறார். பஸ் ஏறிப் போனேன். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். விஷயத்தைச் சொல்லி, பெயர் மாற்றும் படிவத்தை முன்னால் வைத்தேன்.

"என்ட பேரிலயா? எனக்குச் சைக்கிளே ஓடத் தெரியாதே தம்பி!"

பிரதியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை விரலால் தடவித் தடவி வாசித்தார்.

"ஓம்... ஒருநாள் ஒரு கடுதாசியக் கொண்டுவந்து, இதில கையெழுத்து வையுங்க எண்டார். அரிசிக் கூப்பன் கடுதாசியாக்கும் எண்டு நானும் வச்சன்." பிரதியை மடியில் வைத்தார். "கலியாணம் முடிச்சு ஒரு சாமானும் வாங்கித் தரல்ல எண்டு எத்தின சண்டை பிடிச்சிருப்பன். ஒரு வார்த்தை சொல்லல்லியே மனிசன்..."

போனில் இருந்த பைக்கின் படத்தை நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. தரமாட்டேன் என்று சொன்னால், எந்த வாயால் கேட்பது?

படிவத்தை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து வைக்கிறன் தம்பி. வித்தது வித்ததுதான். ஆனா நாளைக்கு வாங்களன். இண்டைக்கு ஒருநாள் என்ட பேரிலயே இருக்கட்டும்."

வேறு நேரமாக இருந்தால் எனக்கு விசர் வந்திருக்கும். அவ்வளவு தூரம் திரும்பவும் பஸ்ஸா? ஆனால் அன்று, "ஓம் ராத்தா" என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

அடுத்த நாள் போனேன். ஒரு மறுப்பும் இல்லாமல் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இப்போது புத்தகம் என் பெயரில். லைசன்ஸும் வந்துவிட்டது. அந்த நாளில் பாதைக்காக வெயிலில் காய்ந்து நின்ற இடத்தை, இன்று பாலத்தில் ஏறி ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறேன். சந்தியில் பைக்கை நிறுத்தினால் இளம் பிள்ளைகள் சுற்றிவந்து படம் எடுப்பார்கள்.

"யாரின்ட பைக் அங்கிள் இது?" என்று கேட்பார்கள்.

ஹாஜரா ராத்தாட பைக் என்றுதான் சொல்கிறேன்.