கண்ணாடிச் சூளையின் கதவு

கில்மரா பிரபுவின் கோட்டையில் மலக்கி கைனன் சூளைத் தீக்குக் காவலராக அமர்ந்தது, அவருக்கு முன் அங்கிருந்த பீட்டர் ஹூலனின் பொறுப்பில் முதல் கண்ணாடி பிளந்துபோன பிறகுதான். அதுவரை அவர் சதுப்பில் கரிமண் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனாரும் அதைத்தான் செய்தார். எங்கள் ஊரான டெரிலாக்கில் மரம் குறைவு; அடுப்பில் எரிவது அந்தச் சதுப்பிலிருந்து செங்கல் போல வெட்டியெடுத்துக் காயவைத்த கரிமண் கட்டிகளே. கோடையில் வெட்டி அடுக்கி உலர்த்தாதவன் வீட்டில் குளிர்காலத்தில் தீ இராது.

கோட்டையார் வார்த்த கண்ணாடி முகம் பார்ப்பதற்கானதன்று. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி, வண்டிச் சக்கரத்தைவிடப் பெரிய வட்டமாக ஊற்றிய உலோகம் அது. மெருகேற்றினால் வெள்ளியைப் போல ஒளிரும். ஆனால் பீங்கானைப் போல உடையும். செக்கச் சிவந்த சூட்டோடு அதைச் சூளைக்குள் இழுத்துத் தள்ளி, வாயைக் களிமண்ணால் பூசி, அடியில் எரியும் தீயை நாளுக்கு நாள் குறைத்து, வாரக்கணக்கில் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பிளக்கும். ஆறிய கண்ணாடியைத் தேய்த்து, கோட்டை மதில்களைப் போன்ற இரு சுவர்களுக்கிடையே தொங்கும் தொலைநோக்கிப் பெருங்குழாயின் அடியில் பொருத்துவார்கள். விண்மீன்களுக்கிடையே வெண்புகை போலத் தெரியும் திட்டுகள் உண்மையில் என்ன என்பது அக்குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கேள்வி. பாட்டனார் இலண்டனிலிருந்து பித்தளைத் தொலைநோக்கி ஒன்றைத் தருவித்தார். தகப்பனார் அதை வைத்து விண்மீன்களின் அட்டவணை எழுதினார். இப்போதைய பிரபு அதைவிடப் பெரியதைத் தாமே செய்யத் துணிந்து, இடுப்பில் தோல் மறைப்பு கட்டிக்கொண்டு உலைக்களத்தில் கொல்லர்களோடு நின்றார். கணக்குகளைப் போட்டவரும், குழாயில் தெரிந்தவற்றை வரைந்தவரும் அவருடைய மனைவியார். நாங்கள் அவரைச் சீமாட்டியம்மா என்றே அழைத்தோம்.

இரண்டாம் கண்ணாடியை வார்த்த ஆண்டில் உருளைக்கிழங்கு மறுபடியும் பொய்த்தது. முந்திய ஆண்டு பாதி வயல் அழுகியது. இந்த ஆண்டு முழு வயலும் ஒரே வாரத்தில் கறுத்து நாறியது. உலோகம் பாய்ச்சிய அன்று வேலையாட்கள் வயிற்றைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பிரபு அப்படி என்னத்தத்தான் வானத்துல தேடுறார்?" என்று ஒருவன் கேட்டான்.

"அழுகாத கிழங்குத் தோட்டம் ஒண்ணு அங்கயாவது இருக்கான்னுதான்," என்றார் வண்டிக்காரர் ஜெர் கானரன். "கண்டுபிடிச்சார்னா மொத வண்டி என்னோடது. நீங்கள்லாம் பின்னால நடந்து வாங்கடா."

அவர் சொன்னதற்குச் சிரிக்கும் தெம்பு அன்று இன்னும் சிலருக்கு இருந்தது.

சீமாட்டியம்மா நல்லவர். காசு கொடுத்து வாங்கத் தானியமில்லை என்பதை அறிந்து, கோட்டை வேலையாட்களுக்குக் கூலியோடு மக்காச்சோள மாவும் அளக்கச் சொன்னார். மலக்கியின் வீட்டில் மனைவி சபீனா, மகள் கிட்டி, மகன் ஃபின்ட்டன் ஆகிய மூவரும் உயிரோடிருந்தது அந்த மாவினால். அது கிடைத்தது சூளை வேலையினால். வேலை நிலைத்தது கண்ணாடி பிளக்காதிருந்ததனால். இந்தச் சங்கிலியை மலக்கி நன்றாக அறிந்திருந்தார். பீட்டர் ஹூலனின் முடிவைக் கண்ணால் கண்டவர் அவர். முதல் கண்ணாடி பிளந்த மறுநாள், மேற்பார்வையாளர் ஹாஸ்லம், "ஒடஞ்ச கண்ணாடிக்குக் காவல் என்னத்துக்கு?" என்று கேட்டு ஹூலனை அனுப்பிவிட்டார். பிரபுவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஹூலன் குடும்பத்தோடு ஏழைகள் விடுதிக்குப் போனார். அங்கிருந்து ஒருவரும் திரும்பவில்லை.

தை பிறந்ததும் உறைபனி இறங்கியது. சபீனாவுக்குக் காய்ச்சல் கண்டது. முந்திய கோடையில் மலக்கி கோட்டையிலேயே கிடந்ததால் சொந்த வீட்டுக்குக் கரிமண் வெட்ட ஆளில்லை. அடுப்பு வெறும் சாம்பலாகக் கிடந்தது. இதைக் கேள்விப்பட்ட சீமாட்டியம்மா சூளைக் கொட்டகைக்கு நேரே வந்தார்.

"இவ்வளவு சூடு இங்க வீணாப் போகுது, ஒன் பொண்டாட்டி அங்க வெறைச்சுக்கிட்டுக் கெடக்கிறாளா? எல்லாரையும் இங்கயே கூட்டிட்டு வா, மலக்கி."

அன்றே சபீனாவைக் கதவுப்பலகை ஒன்றில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். அவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்காள் பெடீலியாவும் உடன் வந்தார். பெடீலியாவின் கணவரும் பிள்ளைகளும் முந்திய குளிர்காலத்திலேயே இறந்துபோயிருந்தார்கள். கொட்டகை ஒரே நீண்ட அறை. நடுவில் சூளை, ஒரு புறம் கூரைவரை அடுக்கிய கரிமண், மறுபுறம் வைக்கோல் படுக்கை. சன்னல் கிடையாது. சூளை வாய்க்கு நேரே ஒரு பெரிய கதவு மட்டும்.

கண்ணாடி பாதி ஆறியிருந்த வேளையில் கிழக்கிலிருந்து கடுங்குளிர் காற்று அடிக்கத் தொடங்கியது. ஏரி உறைந்தது. ஹாஸ்லம் வந்து வாசலில் நின்று மலக்கியின் நெஞ்சில் விரலை ஊன்றினார்.

"இந்தக் காத்து அடங்குற வரைக்கும் கதவு தெறக்கக் கூடாது. தண்ணி, மாவு எல்லாம் இப்பவே உள்ள எடுத்து வச்சுக்க. நான் வந்து தெறன்னு சொன்னாத்தான் தாழ்ப்பாளத் தொடணும். ஒரு மூச்சுக் காத்து அந்தச் சூளை வாயில பட்டாப் போதும். அப்புறம் ஹூலன் போன எடத்துக்கு ஒனக்கு நானே வழி சொல்றேன்."

"சரிங்கய்யா."

மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் சபீனா இறந்துபோனார். பெரிய வேதனை ஒன்றுமில்லை. தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை. பெடீலியா தங்கையின் கண்களை மூடினார், நெற்றியில் சிலுவை வரைந்தார், எழுந்து நின்றார்.

"கதவத் தெற, மலக்கி."

மலக்கி சூளை வாயைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் உயிர் பிரிந்ததும் கதவையோ சன்னலையோ திறந்துவிடுவார்கள். ஆன்மா வெளியே செல்ல வழி வேண்டும். அது போகும் வரை ஒப்பாரியும் வைப்பதில்லை. சத்தம் கேட்டால் வழி தவறிவிடும். திறக்காத வீட்டில் இறந்தவர் அந்த வீட்டிலேயே கிடப்பார். இதைப் பாதிரியார் சொல்லி எவரும் கற்றதில்லை. பாதிரியார் வேண்டாமென்று சொல்லி எவரும் விட்டதுமில்லை.

"காதுல விழலயா? அவ நிக்கிறா. தெற."

"முடியாதுக்கா. கண்ணாடி..."

"கண்ணாடியா? ஒம் பொண்டாட்டி செத்துக் கெடக்கா, நீ கண்ணாடின்னா சொல்ற?"

"கண்ணாடி ஒடஞ்சா மாவு இல்ல. மாவு இல்லன்னா இதுங்க ரெண்டும்..." அவர் பிள்ளைகளைக் காட்டினார். கிட்டி தம்பியின் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு செபம் சொல்லி முடிக்கிற நேரம். அவ்வளவுதான். நான் கோணிய விரிச்சு சூளை வாய மறைச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"கோணி இந்தக் காத்தத் தாங்காது." பிறகு, சொல்லக் கூசியவராய், "புகைபோக்கி இருக்கேக்கா... அது வழியா..." என்றார்.

பெடீலியா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நெருப்பு வழியாவா? என் தங்கச்சிய நெருப்பு வழியா அனுப்பச் சொல்றியா நீ?"

நேராகக் கதவுக்கு நடந்து தாழ்ப்பாளில் கை வைத்தார். மலக்கி பின்னால் ஓடி அவருடைய இரு கைகளையும் பிடித்தார். பெடீலியா கடித்தார், உதைத்தார். பட்டினியில் இருவருக்கும் பலமில்லை. ஆகவே அது சண்டையாகவும் தெரியவில்லை, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பதுபோலத் தெரிந்தது என்று கிட்டி எனக்குப் பிற்காலத்தில் சொன்னார். முடிவில் மலக்கி அவரைத் தரையில் சாய்த்து, தாம் கதவில் முதுகை ஒட்டி அமர்ந்துகொண்டார்.

உச்சி வேளையில் வெளியே ஹாஸ்லத்தின் காலடி கேட்டது. கதவில் கைத்தடியால் தட்டினார்.

"காத்து இன்னும் அடங்கல. தெறக்க வேணாம். உள்ள எல்லாம் சரிதானே?"

பெடீலியா வாயைத் திறந்தார். மலக்கி முந்திக்கொண்டார்.

"எல்லாம் சரிதாங்கய்யா."

காலடி அகன்றது. பெடீலியா தங்கையின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று முழுவதும் மலக்கி சூளைக்குக் கட்டிகளை எண்ணிப் போட்டார். ஒப்பாரி இல்லை. பிள்ளைகள் இருமும் சத்தமும் கரிமண் சரியும் சத்தமும் மட்டுமே இருந்தன. அடுத்த நாள் காற்று மாறி மேற்கிலிருந்து வீசியது. ஹாஸ்லம் வந்து திறக்கச் சொன்னார். உள்ளே கண்டதும் தொப்பியைக் கழற்றினார். சபீனாவை வெளியே எடுத்துச் சென்றபோது ஊர்ப்பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், பெடீலியா வைக்கவில்லை.

"யாருக்கு வைக்கிறது? அவ அந்தக் கொட்டகைக்குள்ளதான இருக்கா," என்றார்.

வசந்தத்தில் சூளையை உடைத்தார்கள். கண்ணாடி முழுதாக இருந்தது. ஒரு மயிரிழை விரிசலும் இல்லை. பிரபு மலக்கியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹாஸ்லம் மாவை இருமடங்காக அளந்தார். மலக்கி அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனதும், பெடீலியா களி கிண்டிப் பிள்ளைகளுக்கு ஊட்டினார். அவர் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. தம் பிள்ளைகளை இழந்தவருக்குத் தங்கையின் பிள்ளைகளை விட மனம் வரவில்லை. மலக்கியோடு நேர்முகமாகப் பேசமாட்டார். "கிட்டி, ஒங்கப்பனுக்குக் கஞ்சி வேணுமான்னு கேளு" என்பார். அப்படியே ஈராண்டு கழிந்தது. ஊரில் பாதி வீடுகள் காலியாகின. மூன்றாம் ஆண்டுக் கோடையில், ஃபின்ட்டன் கணுக்கால் வரை ஏரி நீரில் நின்று விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெடீலியா, அருகில் நின்ற மலக்கியிடம் திரும்பி, "கொழுத்துட்டான் பாரு, எருமக் கன்னு," என்றார். சற்றுப் பொறுத்து, "இதுங்க ரெண்டும் இருக்குதுங்க. அதுக்காகத்தான அவ அங்க கெடக்கா. போகட்டும்," என்றார். அன்று முதல் அவரிடமும் பேசினார். சில நாள் கேலியும் செய்தார்.

மலக்கி அப்போது தொலைநோக்கிக் குழாயைத் திருப்பக் கயிறிழுப்பவர்களில் ஒருவர். புகைத்திட்டுகளில் ஒன்று உண்மையில் சுழலும் சுருள் என்று கோட்டையார் கண்டறிந்து, சீமாட்டியம்மா அதை வரைந்து, அந்தப் படத்தைப் பார்க்கக் கடல் கடந்து அறிஞர்கள் வந்துபோன காலம் அது. கிட்டி கோட்டைச் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே யாரோ சூளைக் கதையைக் கேட்க, அவள் சொல்ல, அது மேல்மாடிவரை போயிற்று.

சீமாட்டியம்மா மறுநாளே கயிற்றுச் சுவரடிக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மலக்கி, கிட்டி சொன்னது நெசமா? கதவத் தெறக்காம இருந்தியா?"

"ஆமாங்கம்மா."

"ஏன் எனக்கு ஆளனுப்பல? ஏன் யாருமே என்கிட்டச் சொல்லல? கண்ணாடி ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுது! இன்னொண்ணு வார்த்திருப்போமே. மொதக் கண்ணாடி ஒடஞ்சப்பவும் அதத்தான பண்ணுனோம்?"

மலக்கி கயிற்றைத் தூணில் சுற்றிக் கட்டினார். பிறகு சொன்னார்:

"இன்னொண்ணு வார்ப்பீங்கன்னு எங்ககிட்டயும் யாரும் சொல்லலீங்கம்மா."

"ஹூலன்?"

ஹூலன் எங்கே போனார் என்று சீமாட்டியம்மா கேட்கிறார் என மலக்கிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. சொன்னார். அந்த மாதமே ஹாஸ்லம் கோட்டையைவிட்டுப் போனார். அதனால் எவருக்கும் ஒன்றும் திரும்பி வரவில்லை.

இதை மலக்கி தமக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் பொய் சொல்லத் தெரியாதவரல்லர். கதவுக்குப் பின்னிருந்து ஒருமுறை சொன்னவர். ஆயினும் அன்று மாலை அடுப்புக்கு முன் அமர்ந்து, சீமாட்டியம்மா கூறியதை ஒரு சொல்லும் விடாமல் பெடீலியாவிடம் கூறினார்.

பெடீலியா கேட்டு முடிக்கும்வரை கரண்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"அப்போ தெறந்திருக்கலாம்."

"ஆமாக்கா."

"மாவும் வந்திருக்கும். இதுங்களும் இருந்திருக்கும்."

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா... வந்திருக்கும்."

"அப்ப அவ எதுக்குடா அங்க கெடக்கா?"

பெடீலியா களியைப் பிள்ளைகளின் தட்டுகளில் சமமாகப் பங்கிட்டார். மலக்கியின் தட்டிலும் வைத்தார். தம் சால்வையையும் சபீனாவின் செபமாலையையும் எடுத்துக்கொண்டார். கிட்டி அழுதுகொண்டே வாசல்வரை ஓடினாள்.

"பெரியம்மா, எங்க போறீங்க?"

"நீ போய்ச் சாப்பிடு. ஆறிடும்."

அவர் ஏரிக்கு அப்பாலுள்ள ஒரு பண்ணையில் பால் கறக்கும் வேலையில் சேர்ந்து, பதினோராண்டுகளுக்குப் பின் அங்கேயே இறந்தார். இடையில் பிள்ளைகளை வரவழைத்துப் பார்ப்பார். மலக்கி இருக்கும் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மலக்கி கயிறிழுக்கும் வேலையை முதுமைவரை செய்தார். கோட்டையார் வேலையாட்களை ஒவ்வொருவராக அழைத்துக் குழாயினூடே பார்க்கச் சொல்வது வழக்கம். ஜெர் கானரன் பலமுறை பார்த்து, பார்த்ததைவிட அதிகமாகச் சொல்லித் திரிந்தார். மலக்கியை அழைத்தபோதெல்லாம் அவர், "நான் கயித்தப் பிடிச்சுக்கிறேங்க, மத்தவங்க பாக்கட்டும்," என்று சொல்லிவிடுவார். பிறகு அவரை அழைப்பதை நிறுத்திவிட்டார்கள்.