அக்கரைக்குக் கேட்ட ஒத்திகை

நான் இணையத்தளம் செய்கிறவன். என் பள்ளிக்கூடம் ஐந்தாம் ஆண்டோடு நின்றது. கட்டாரில் ஓர் அலுவலகத்தில் தேநீர் கொடுக்கும் வேலைக்குப் போய், அங்கே கணினிக்கு முன்னால் இருந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று நின்றுதான் இந்தத் தொழிலைப் பழகினேன். தேநீர் ஆறிய பிறகும் நான் நகராததைக் கண்டு ஒருவர் தன் பழைய மடிக்கணினியை எனக்குத் தந்தார். இரக்கப்பட்டுத் தந்தார் என்று ஊரில் சொல்லி வருகிறேன். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பது பொறுக்காமல் தந்தார் என்பதுதான் சரியாக இருக்கும்.

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இதைவிட நல்ல தொழில் இல்லை. கணினி முகத்தைப் பார்க்காது. வாடிக்கையாளர்கள் பார்ப்பார்கள், அவர்களை என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். தொலைபேசி அடித்தால் அவள்தான் எடுப்பாள். கல்குடாவில் விடுதி நடத்தும் ஒருவர் ஏழு வருடமாக எங்களிடம் வேலை தருகிறார். இன்னும் என் குரலைக் கேட்டதில்லை. அவரைப் பொறுத்தவரை இணையத்தளம் செய்கிறவள் என் மனைவி.

மட்டக்களப்பு நகரில், ஒரு தனியார் கல்வி நிலையத்தின் மேல்மாடியில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை கணினி நிரல் எழுதுகிறவர்கள் கூடுவார்கள். நான் தவறாமல் போவேன். கடைசி வரிசையில், மின்விசிறியின் சுவிட்சுக்குப் பக்கத்தில், எனக்கென்று ஒரு கதிரை இருந்தது. அங்கே இருந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதும், வேர்க்கும்போது விசிறியைக் கூட்டுவதும், தாள் பறக்கும்போது குறைப்பதும்தான் என் பங்கு. வீட்டுக்கு வெளியே நான் சந்தோஷமாக இருக்கும் ஒரே இடம் அது.

கூட்டத்தை நடத்துகிறவள் ஏறாவூரைச் சேர்ந்த ஓர் இளம்பெண். என் முகத்துவாரப் பக்கத்தைப் பற்றி நான் பேச வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள்.

அந்தப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். மாரியில் வாவி நிரம்பினால் வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும். அப்போது வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டி, தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். வெட்டியாயிற்றா என்று ஊர் முழுக்க ஒருவரையொருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்காக ஓர் இணையப் பக்கம் செய்தேன். அதில் ஒரே ஒரு சொல்தான் இருக்கும். ஒன்றில் 'வெட்டியாச்சு'. இல்லாவிட்டால் 'இல்லை'. வாவிக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால், கடைசியாக வந்த பதிலைத் தொலைபேசி தனக்குள் வைத்திருந்து காட்டும்படி செய்தேன். ஒரு சொல்லை எழுதப் பன்னிரண்டு நாள் எடுத்த ஒரே எழுத்தாளன் நான்தான் என்று என் மனைவி சொல்வாள்.

முதல் முறை பேச எழுந்தபோது நாற்பது முகங்கள் என்னைப் பார்த்தன. வணக்கம் என்றேன். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது எதுவும் நினைவில் இல்லை. நினைவில் இருந்ததையே மறுபடி சொன்னேன். மூன்றாவது வணக்கத்துக்குப் பிறகு, மோட்டார் சைக்கிளை நிழலில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன். நிழல் எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்தது. நகரிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம்.

மூன்று மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு கூட்டத்தை நடத்தும் அந்தத் தங்கச்சி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். என் மனைவியும் அவளும் பேசி, நான் இன்னொரு முறை பேசுவதென்று முடிவாயிற்று. எனக்கு முடிவு மட்டும் அறிவிக்கப்பட்டது. நானும் ஒரு முடிவெடுத்து மனைவியிடம் சொன்னேன். இந்த முறையும் ஓடி வந்தால், அந்தக் கூட்டத்துக்கு இனிமேல் கேட்கவும் போகமாட்டேன். எந்த முகத்தோடு போய் அந்தக் கதிரையில் இருப்பது? சொல்லும்போதே எனக்கு அந்த விசிறிச் சுவிட்சு கண்ணுக்குள் வந்தது.

பேசிப் பழக வீட்டில் இடமில்லை. தன்னிடம் பேசிக் காட்டச் சொன்னாள் மனைவி. பதினேழு வருடம் ஒன்றாக வாழ்ந்தும், பேச்சாளனாக அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால் விடிந்ததும் பக்கத்து வீட்டுத் தோணியை இரவல் வாங்கிக்கொண்டு வாவிக்குள் போனேன்.

அங்கே பேச்சு வந்தது. துடுப்பை ஒரு முறை வலித்தால் ஒரு வசனம். இன்னொரு முறை வலித்தால் இன்னொரு வசனம். கை வேலையில் இருந்தால் வாய் தன்பாட்டில் ஓடும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை பத்து மணிக்கு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும், என்று மண்டபத்தின் பெயரையும் மூன்று வணக்கத்தையும் சேர்த்துத் தொடங்குவேன். பகிடி சொல்வேன். ஆட்கள் சிரிப்பதற்கு இடம் விட்டு, சிரித்து முடித்திருப்பார்கள் என்று தோன்றியதும் மறுபடி துடுப்பை வலிப்பேன். நீர்க்காகங்கள் எழுந்து போகும்.

காற்றில்லாத காலையில் தண்ணீர் குரலை அப்படியே அக்கரைக்குக் கொண்டுபோகும். வாவிக்கரையில் பிறந்த எனக்கு இது தெரியும். அக்கரையில் ஒருத்தி ஆட்டை ஏசினால், எந்த ஆடு என்றுகூட இக்கரையில் எங்களால் சொல்ல முடியும். ஆனால் மற்றவர்களின் குரல்தான் கேட்கும், என் குரல் கேட்காது என்று எப்படியோ நினைத்திருந்தேன்.

எட்டாம் நாள், ஒரு பகிடியைச் சொல்லி இடம் விட்டேன். அக்கரையில் யாரோ சிரித்தார்கள்.

நான் தோணிக்குள் படுத்துவிட்டேன். படுத்தால் தோணி நிற்காது என்ற சிறு விஷயத்தை மறந்துவிட்டேன். அது மெல்ல மிதந்து, சிரித்தவர் நின்ற இடத்திலேயே போய்க் கரை தட்டியது. என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒருவர், தோளில் வலையோடு, குனிந்து தோணிக்குள் பார்த்தார்.

"என்ன மனே, செத்துப் போனியா?"

இல்லை என்று படுத்தபடியே சொன்னேன்.

எட்டு நாளாகக் கேட்கிறார்களாம். அவரும், நண்டு பிடிக்கிற இருவரும், மீன் வாங்க வரும் ஓர் அக்காவும். ஒருவருக்கும் தொடக்கம் தவறக் கூடாது என்று இப்போதெல்லாம் கொஞ்சம் வெள்ளென வருகிறார்களாம். அக்காவுக்கு மட்டும் நான் வணக்கத்தை மூன்று தரம் சொல்வது பிடிக்கவில்லை. வலைக்காரருக்கு வேறொரு குறை இருந்தது. வலையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"சிக்னல் இல்லாட்டி உன்ட பக்கம் நேத்தைய பதிலத்தான காட்டும்? ராவைக்கு முகத்துவாரத்த வெட்டிப்போட்டானுகள் எண்டு வை. நான் 'இல்லை' எண்டதப் பாத்துப்போட்டு வலையப் போட்டா, வலை கடலுக்குப் போயிரும். மறுகா உன்ன நான் எங்க தேடுற?"

எழுந்து இருந்தேன். பன்னிரண்டு நாள் யோசித்தும் இது எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். சொல்லுக்குக் கீழே, அது எப்போது கேட்டறிந்த பதில் என்று காட்டும். பதில் பழசாகப் பழசாக எழுத்து வெளிறிக்கொண்டே போகும். ஒரு நாளுக்கு மேலானால், சொல்லே இருக்காது. போய்ப் பார் என்று மட்டும் இருக்கும்.

ஆனால் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தோணியிலும் பேச்சு வரவில்லை. அடுத்த நாள் முணுமுணுத்தேன். அக்கரையிலிருந்து, சத்தமாக என்று குரல் வந்தது. அதற்குப் பிறகு முணுமுணுப்பும் நின்றது. கடைசியில் அவரே வழி சொன்னார். எங்கள் பேச்சில் திரும்புவதைக் கிறுகுவது என்போம். அங்கால கிறுகிக்கொண்டு பேசு, நாங்கள் இல்லை என்று நினைத்துக்கொள் என்று கத்தினார். தோணியைக் கிறுக்கி அவர்களுக்கு முதுகைக் காட்டினேன். பேச்சு வந்துவிட்டது.

சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனதும் அந்தத் தங்கச்சி என்னிடம் மோட்டார் சைக்கிள் திறப்பை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "நிழல்லதான் நிக்குது அண்ணன், நான் பாத்துட்டன்" என்றாள். பேச்சாளருக்கு மரியாதையாக, நிலைய அதிபரின் அறையிலிருந்து சில்லுப் பூட்டிய கதிரையொன்றை உருட்டி வந்து மேடையில் வைத்திருந்தாள்.

எழுந்து நின்றேன். வணக்கம் என்றேன். முகங்கள் போன முறையைவிடக் கூட இருந்தன. வணக்கம். கைகளுக்கு வேலை இல்லாமல் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. மூன்றாவது வணக்கத்தின்போது தங்கச்சி கைப்பையை இறுக்கிப் பிடிப்பதைக் கண்டேன். திறப்பு இல்லாவிட்டால் என்ன, பஸ் இருக்கிறது என்று என் கால்கள் கணக்குப் போட்டன.

"கிறுகு மனே."

குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. மின்விசிறிச் சுவிட்சுக்குப் பக்கத்தில், என் கதிரையில், மடிப்புக் குலையாத சேர்ட் போட்டு அவர் இருந்தார். நாளையும் நேரத்தையும் மண்டபத்தையும் நான்தானே ஒவ்வொரு காலையும் வாவி முழுக்க அறிவித்தேன். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் கூச்சமென்று ஒன்று கிடையாது.

"அவர் முகத்தப் பாத்துப் பேசமாட்டார். அங்கால பாத்து இரிக்க விடுங்க. கையில துடுப்பு ஒண்டு குடுங்க, மறுகா பாருங்க" என்றார்.

கல்வி நிலையத்தில் துடுப்பு இருக்காது. தங்கச்சி ஒரு கணம் யோசித்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து தும்புத்தடியை எடுத்து வந்து என் கையில் தந்தாள். பெருக்குகிற தும்புத்தடிதான். சபைக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்துக் கதிரையில் இருந்தேன். தும்புத்தடியை இடது பக்கம் தரையில் ஊன்றி ஒரு முறை வலித்தேன். முதல் வசனம் வந்தது.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. சிரிக்க விட்ட இடங்களில் சிரித்தார்கள். பகிடிகள் மனப்பாடம் என்பதால் அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் நான் சொல்வதற்கு முன்பே சிரித்தார். ஓரிடத்தில் நான் தாவிப் போனபோது பின்னாலிருந்து, வலை, என்று ஒரு சொல் வந்தது. நின்று, வலை கடலுக்குப் போகும் கதையைச் சொன்னேன். பழைய பதிலைக் காட்டும் பக்கம், அது பழசு என்பதையும் சொல்ல வேண்டும், இதைக் கண்டுபிடித்தவர் நானில்லை, பின்னால் இருக்கிறவர், என்றேன். கைதட்டினார்கள். நான் தும்புத்தடியை வலித்துக்கொண்டே இருந்தேன்.

தோணியில் போகிறவன் ஒரே பக்கம் வலிக்கமாட்டான்; பக்கம் மாற்றாவிட்டால் தோணி கிறுகிவிடும். கதிரையில் அது எனக்கு நினைவில்லை. சில்லு நல்ல சில்லு, தரையும் வழுவழுப்பு. திரை மெல்ல விலகியது. சுவரில் இரசாயனப் பாடப் படம் ஒன்று வந்தது, போனது. யன்னல் வந்தது. நாட்காட்டி வந்தது. வாவியில் கரை நகர்வது மாதிரித்தான் இருந்தது, நான் சந்தேகப்படவில்லை. பிறகு கண்ணாடி போட்ட ஒரு பையனின் முகம் வந்தது. அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு முகம். பிறகு எல்லா முகங்களும்.

இன்னும் இரண்டு வசனம் மீதி இருந்தது. தங்கச்சி வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையைப் பார்த்தேன். அவர் நாடியால் சைகை காட்டினார், வலி என்று. வலித்தேன், ஒரு வசனத்தைச் சொன்னேன். இன்னொரு முறை வலித்து மற்றதையும் சொன்னேன். பிறகு ஒரே மூச்சில் பல தரம் வலித்து, திரையின் பக்கம் திரும்பிப் போய்விட்டேன். கேள்விகளுக்கு அங்கிருந்தே பதில் சொன்னேன். மேடையின் இடது பாதி அன்றைக்கு மிகச் சுத்தமாக இருந்தது.

இப்போது என்னைப் பேச அழைக்கும்போது தேவையானவற்றின் பட்டியலை அந்தத் தங்கச்சியே எழுதுகிறாள். ஒலிவாங்கிக்குக் கீழே, சில்லுக் கதிரை ஒன்று, தும்புத்தடி ஒன்று. மற்ற மாதங்களில் நான் விசிறிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

அன்றைக்குத் திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஊருக்கு வந்தேன். நகரத்துப் பாலம் தாண்டியதும், "எண்டாலும் மனே, இண்டைக்கும் வணக்கத்த மூணு தரம் சொன்னாய். அந்த அக்காவுக்கு நான் என்ன சொல்லுற?" என்றார். அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அது எங்கெங்கோ போய், வீடு வரும் வரைக்கும் ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தேன். அவர் எனக்குப் பின்னால்தானே இருந்தார்.